திசை தெரியுமா உங்களுக்கு? – ஒரு கேள்வித்தாளின் கதை

தில்லித் தமிழர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "எனக்கு இந்த ஊர்ல திக்கு திசையே புரியலை." ஊரிலிருந்து மூன்று மாதம் தங்க வந்த அப்பா அம்மா சொல்வார்கள். கல்யாணமாகி வந்து இருபது வருஷம் ஆன பெண்களும் சொல்வார்கள். ஆண்கள் மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரே கோல் சக்கரை மூன்றாவது முறை சுற்றிக்கொண்டிருந்தாலும் சொல்ல மாட்டார்கள் :-)

ஒருவர் தன் திசையறிவைப் பற்றித் தானே சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? வேடிக்கையான கேள்வி போலத் தெரியும். ஆனால் இதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் தமிழ்நாட்டுக் கிராமத்து ஆட்களுக்கும் ஒரு முக்கியமான இடம் இருக்கிறது. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் காலம் தள்ளுகிறவன். உளவியல் என் துறை இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் மனிதர்கள் தங்களைப் பற்றி என்ன எழுதுவார்கள், உண்மை என்னவாக இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் தினசரிப் பிழைப்பு. அதனால் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்துப் போனது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக் கொள்ளவும்.

காலை உணவு மேசையில் ஆரம்பம்

மனசுக்குள் நடப்பதை அளக்க, மனசுக்குச் சொந்தக்காரரையே கேட்டுவிடலாம் என்ற யோசனையைப் பெரிய அளவில் முதலில் செய்து பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். 1880-ல் அவர் தன் கேள்வித்தாளின் முடிவுகளை வெளியிட்டார். அன்று காலை சாப்பிட்ட மேசையைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள், வெளிச்சம் எப்படி இருக்கிறது, நிறங்கள் தெரிகின்றனவா என்று கேட்டிருந்தார். விஞ்ஞானிகள் பலர் தங்களுக்கு அப்படி எந்தப் படமும் தெரிவதில்லை என்று பதில் எழுதியதாகச் சொன்னார். அவர் எடுத்த முடிவுகளைப் பிற்காலத்து ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். ஆனால் வழி திறந்துவிட்டது.

அடுத்த பெயர் நம் எல்லோருக்கும் மறைமுகமாகத் தெரிந்ததுதான். வங்கியில், ஹோட்டலில், மருத்துவமனையில் கொடுக்கிறார்களே, "மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை..." என்று கட்டம் கட்டமாக ஒரு தாள்? அதன் மூலவர் அமெரிக்காவின் ரென்சிஸ் லைகெர்ட். 1932-ல் மனப்பான்மைகளை அளக்க அவர் கொடுத்த முறைதான் இன்றைக்கும் லைகெர்ட் அளவுகோல் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். அதோடு நீங்கள் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று ஓர் எண்ணைச் சுழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

திசையறிவைத் தனியாக ஆராய்ந்தவர்களும் முன்பே உண்டு. 1913-ல் டிரோபிரிட்ஜ் என்பவர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பலருடைய மனசுக்குள் ஒரு கற்பனை வரைபடம் இருக்கிறது, அது சில பேருக்குத் திருகிப்போய் இருக்கிறது என்பது அவர் கண்டது. தில்லி மெட்ரோவில் பூமிக்கு அடியிலிருந்து ராஜீவ் சவுக் வாசலில் ஏறி வெளியே வந்ததும், கனாட் பிளேஸின் எல்லாத் தூண்களும் ஒரே மாதிரி தெரிய, உலகமே அரை வட்டம் திரும்பிவிட்டது போலத் தோன்றுமே, அதே சமாச்சாரம்தான்.

ஒரே ஒரு கேள்வி

1977-ல் கோஸ்லோவ்ஸ்கி, பிரையன்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ரொம்ப எளிமையான ஒரு காரியம் செய்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் "உங்கள் திசையறிவு எப்படி?" என்று கேட்டு ஓர் எண் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு கண்ணுக்குத் தெரியாத இடங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று சுட்டிக்காட்டச் சொன்னார்கள். தங்களுக்கு நல்ல திசையறிவு என்று சொன்னவர்கள் பொதுவாகச் சரியாகவே காட்டினார்கள்.

இதைவிடச் சுவாரசியமானது அவர்கள் செய்த சுரங்கப்பாதைச் சோதனை. பழக்கமில்லாத சுரங்க வழிகளில் மாணவர்களைப் பலமுறை நடத்திக் கூட்டிப் போனார்கள். கவனித்துக்கொண்டே வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல திசையறிவு என்று சொன்னவர்கள் நடக்க நடக்கத் தேறினார்கள். மற்றவர்கள் தேறவில்லை. அதாவது திசையறிவு என்பது ஏதோ பிறவியிலேயே தலைக்குள் வைத்த காந்த ஊசி இல்லை. கவனித்தால் சேர்த்துவைத்துக் கொள்ளும் ஒரு திறமை. அது தன்னிடம் இருக்கிறதா இல்லையா என்பது மனிதர்களுக்கு ஓரளவு தெரிந்தே இருக்கிறது.

ஜப்பானியர்கள் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே. வழி தெரியாமல் விழிப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் 'ஹோகோ ஓன்ச்சி' என்று தனிச் சொல்லே உண்டு. சுருதி சேராதவரைச் சொல்வோமே, அந்த மாதிரி 'திசையில் சுருதி சேராதவர்' என்று அர்த்தம். அங்கேயும் 1990-களின் தொடக்கத்தில் திசையறிவுக்கென்று ஒரு கேள்வித்தாள் உருவானது. 1994-ல் அமெரிக்காவின் கேரல் லாட்டன் இன்னொரு கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் அதிகமும் "இங்கே திரும்பி, அங்கே திரும்பி" என்று பாதையாக நினைவு வைப்பதாகவும், ஆண்கள் திசையை வைத்துக் கணிப்பதாகவும் சொன்னார்கள். வழி தவறிவிடுமோ என்ற பதற்றமும் பெண்கள் சொன்னதில் அதிகமாக இருந்தது. கவனிக்கவும், இதெல்லாம் அவர்கள் *சொன்னது*.

சான்டா பார்பரா தாள்

இந்த வரிசையில் இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது 2002-ல் வந்த சான்டா பார்பரா திசையறிவு அளவுகோல். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் மேரி ஹெகார்ட்டி என்ற உளவியல் பேராசிரியரும், டேனியல் மான்டெல்லோ என்ற புவியியல் பேராசிரியரும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. கட்டுரையில் மொத்தம் ஐந்து ஆசிரியர்கள். ஐந்தாவது பெயர் சுப்பையா! பார்த்ததும் ஒரு சின்ன சந்தோஷம்.

மொத்தம் 15 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண். வழி சொல்வதில் கெட்டிக்காரரா, புது ஊரில் சுலபமாகத் தொலைந்து போவீர்களா, வரைபடம் பார்க்கப் பிடிக்குமா, காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனால் வழி மனசில் நிற்குமா, ஒரு முறை போன பாதை ஞாபகம் இருக்குமா என்ற மாதிரி. பாதி வாக்கியங்கள் பெருமையாக இருக்கும், மீதி குறையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் "ஆமாம்" போடுகிற ஆசாமிகளை மடக்கத்தான் அந்த ஏற்பாடு.

முடிவு என்ன? சொன்ன மதிப்பெண்ணும் செய்து காட்டிய திறமையும் ஒன்றோடொன்று சேர்ந்தே போயின. ஆனால் எல்லா வேலையிலும் ஒரே மாதிரி இல்லை. காலால் நடந்து பழகிய இடத்தில், இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கும் வேலையில் தொடர்பு வலுவாக இருந்தது. தூரத்தைக் கணிப்பது, படம் வரைவது போன்றவற்றில் பலவீனமாக இருந்தது.

எங்கள் தொழில் பாஷையில் சொல்கிறேன். கடன் விண்ணப்பத்தில் ஒருவர் தன் வருமானத்தைத் தானே எழுதுகிறார். அது பொய்யென்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் கடன் கொடுப்பதில்லை. ஏனென்றால் அந்த எண்ணுக்குள் வருமானம் மட்டும் இல்லை. சுபாவமும் இருக்கிறது. சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வார்கள். இன்னும் சிலர் கேள்வியையே வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். விவசாயியிடம் "மாதச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேள்வியே அவருக்குப் பொருந்தாது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் ஊர் ஆட்கள் உள்ளே வருகிறார்கள்.

"சித்த வடக்கால தள்ளி வை"

சான்டா பார்பரா தாளில் ஒரு வாக்கியம், சுற்றுப்புறத்தைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நினைக்கும் பழக்கம் உண்டா என்பது. அமெரிக்காவில் இது ஒரு விசேஷத் திறமை. நம் கிராமத்தில்? தெருவே கீழத்தெரு, மேலத்தெரு. மதுரையில் கீழமாசி வீதி, மேலமாசி வீதி. நிலம் மேற்கு மலையிலிருந்து கிழக்குக் கடலுக்குச் சரிவதால் மேல், கீழ் என்பதிலிருந்தே மேற்கும் கிழக்கும் வந்தன என்பார்கள். "சொம்பைச் சித்த வடக்கால தள்ளி வை" என்று அடுப்படிக்குள்ளேயே சொல்லும் பாட்டிகள் இருந்தார்கள். வடக்கே தலை வைத்துப் படுத்தால் அதட்டு விழும்.

இதை முறையாக ஆராய்ந்தவர் எரிக் பெடர்சன். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் சார்பில் தமிழ்நாட்டில் வேலை செய்தார். 1993-லும் 1995-லும் கட்டுரைகள் வந்தன. 1998-ல் வேறு பல மொழிகளோடு சேர்த்து ஒரு பெரிய கட்டுரை. அவர் கண்டது, தமிழ் ஒரே மொழிதான், ஆனால் இடத்தைச் சொல்வதில் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. கிராமத்தார் மேசை மேல் இருக்கும் சின்னப் பொருளுக்குக்கூட வடக்கு, தெற்கு என்று திசை சொன்னார்கள். நகரத்தார் அதே பொருளுக்கு இடது, வலது என்றார்கள்.

சரி, பேச்சில்தான் வித்தியாசமா, நினைப்பிலுமா? அதற்கு ஒரு விளையாட்டு. மேசை மேல் பொம்மை மிருகங்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவார்கள். எல்லாம் உங்கள் வலது பக்கம் பார்த்து நிற்கின்றன, அந்தப் பக்கம் வடக்கு என்று வைத்துக்கொள்வோம். பிறகு உங்களைப் பின்னால் திருப்பி, எதிரே இருக்கும் இன்னொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வார்கள். இப்போது உங்கள் வலது பக்கம் தெற்காகிவிட்டது. வலது பக்கமே பார்க்க வைத்தால் நீங்கள் உடம்பை வைத்து நினைவு வைக்கிற ஆள். வடக்குப் பார்க்க வைத்தால் உலகத்தை வைத்து நினைவு வைக்கிற ஆள். தமிழ்க் கிராமத்தார் இரண்டாவது பக்கமும், நகரத்தார் முதல் பக்கமும் சாய்ந்தார்கள்.

இதற்கு மறுப்பும் வந்தது. 2002-ல் பெக்கி லீ, லைலா கிளைட்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், இது மொழியால் வருவதில்லை, சோதனை நடக்கும் இடத்தைப் பொறுத்தது என்றார்கள். ஜன்னல் திரையை மூடி வைத்தால் ஒரு மாதிரி, வெளியே அடையாளங்கள் தெரிந்தால் ஒரு மாதிரி என்று அமெரிக்க மாணவர்களையே வைத்துக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு பதில் எழுதியது. சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை. இந்தியாவில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ரமேஷ் மிஸ்ராவும் ஜெனிவாவின் பியர் டாசனும் குழந்தைகளிடம் பல வருஷம் ஆய்வு செய்து 2010-ல் புத்தகமாகப் போட்டார்கள். மொழி மட்டுமில்லை, வாழும் நிலம், பள்ளிக்கூடம், பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்தே திசை நினைப்பை உண்டாக்குகின்றன என்பது அவர்கள் கட்சி. வாரணாசியில் சமஸ்கிருதப் பாடசாலைப் பிள்ளைகள் திசை வைத்து நினைப்பதில் முன்னால் நின்றார்கள். சடங்குக்கு எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பது தினமும் வேண்டிய அறிவாயிற்றே.

தில்லிக்கு வந்தால்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஊரிலிருந்து வந்த அம்மா டி.டி.ஏ. பிளாட்டுக்குள் நுழைந்த முதல் நாளே சாமி அலமாரி எந்தப் பக்கம் பார்க்கிறது, அடுப்பு எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிடுவார். பால்கனி வெயிலைப் பார்த்தே கிழக்கு எது என்று தெரிந்துவிடும். அதே அம்மாவிடம் அந்த 15 வாக்கியத் தாளைக் கொடுத்தால் என்ன எழுதுவார்? "வரைபடம் பிடிக்குமா?" பார்த்ததே இல்லை. "நெடும் பயணத்தில் வழியைத் தீர்மானிப்பவர் யார்?" அப்பா, அல்லது பையன். "புது ஊரில் தொலைவீர்களா?" ஐயோ, ஆமாம். மொத்த மதிப்பெண் பாதாளத்தில் இருக்கும். "எனக்குத் திசையே தெரியாது" என்று அவரே சொல்லிவிட்டார் என்று நாமும் எழுதி மூடிவிடுவோம்.

உண்மையில் தெரியாதது திசை இல்லை. தில்லியின் பாஷை. இங்கே வழி சொல்வதே வேறு கணக்கு. "ரெட் லைட் சே லெஃப்ட், கோல் சக்கர் சே சீதா." லுட்யென்ஸ் போட்ட புது தில்லி அறுகோணங்களும் வட்டச் சந்திப்புகளுமாக 1931-ல் திறப்பு விழா கண்டது. ஆறு சாலை கூடும் வட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிழக்கு எங்கே போயிற்று என்று யாருக்கும் குழப்பம் வரும். இத்தனைக்கும் பழைய தில்லி நம் ஊர் மாதிரிதான். காஷ்மீரி கேட், அஜ்மீரி கேட், லாகோரி கேட் என்று வாசலின் பெயரிலேயே அந்தச் சாலை எந்த ஊரைப் பார்த்துப் போகிறது என்பது இருக்கிறது.

கடல் விளையாட்டு சொன்னது

கேள்வித்தாளையும் சோதனையையும் மிகப் பெரிய அளவில் ஒன்றாக வைத்தது 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைபேசி விளையாட்டு. 2016-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹியூகோ ஸ்பியர்ஸ் போன்றவர்கள் அல்சைமர் நோய் ஆராய்ச்சிக்காகக் கொண்டு வந்தது. படகை ஓட்டி வழி கண்டுபிடிக்க வேண்டும். கூடவே, வழி கண்டுபிடிப்பதில் நீங்கள் எப்படி என்று ஒரு கேள்வி.

2023-ல் இதை வைத்து 46 நாடுகளைச் சேர்ந்த 3,83,187 பேரின் கணக்கு வெளியானது. தனி ஆளாகப் பார்த்தால், தன்னைக் கெட்டிக்காரன் என்றவர் பொதுவாக நன்றாகவே ஆடினார். நாடு நாடாகப் பார்த்தால் அந்தத் தொடர்பு காணாமல் போனது! ஜெர்மானிய நாட்டாரும் மேற்கு ஆசிய நாட்டாரும் தங்களைத் திறமைக்கு மேல் மதிப்பிட்டார்கள். ஸ்காண்டிநேவியா பக்கத்தார் குறைத்து மதிப்பிட்டார்கள். எண்ணுக்குள் சுபாவம் ஒளிந்திருக்கிறது என்று மேலே சொன்னேனே, அது தனி மனித சுபாவம் மட்டுமில்லை, ஊர் சுபாவமும் கூட.

அதே விளையாட்டின் 2018 முடிவு இன்னும் முக்கியம். ஆண்-பெண் இடையேயான திறமை வித்தியாசம் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை. பெண்களுக்குச் சமத்துவம் குறைவான நாடுகளில் வித்தியாசம் அதிகம், சமத்துவம் கூடிய நாடுகளில் குறைவு. 2022-ல் இன்னொரு கட்டுரை, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள் என்றது. "பட்டிக்காடு, வழி தெரியாது" என்று யாரையாவது சொல்லுமுன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

கைபேசி வரைபடம் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் டஹ்மானி, போபோ இருவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டிக் கருவியை அதிகம் நம்பியவர்களுக்கு இட நினைவு மூன்று வருஷத்தில் கூடுதலாகச் சரிந்திருந்தது. மறுபடி சோதித்தது 13 பேரை மட்டுமே, சின்னக் கணக்குதான். ஆனால் தங்களுக்குத் திசையறிவு மோசம் என்று நினைத்ததால் அவர்கள் கருவியை நாடினார்கள் என்று சொல்ல முடியவில்லை என்பதையும் கேள்வித்தாள் வைத்தே பார்த்திருக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்

இவ்வளவு படித்தபின் எனக்குத் தோன்றும் சில விஷயங்கள். உடன்படாதவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்தில் சண்டை போடலாம்.

ஒன்று, வீட்டுப் பெண்களை "உனக்கு வழி தெரியாது" என்று கேலி செய்வதை நிறுத்தலாம். ஓட்டுபவரின் பக்கத்தில் இருபது வருஷம் உட்கார்ந்து வந்தவருக்கு வழி மனசில் நிற்காததில் ஆச்சரியம் என்ன? கவனித்து நடந்தவர்தான் தேறுகிறார் என்று 1977 சுரங்கப்பாதையே சொல்லிவிட்டது. சாவியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். கேலியைக் கேட்டுக் கேட்டு அவர் தனக்கே குறைந்த எண் போட்டுக்கொண்டால், அப்புறம் தனியாகக் கிளம்பவே மாட்டார். நஷ்டம் அங்கேதான்.

இரண்டு, இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் லெஃப்ட், ரைட் மட்டும் தெரிந்து வளர்கிறார்கள். கிழக்கு, மேற்கு என்பது அவர்களுக்குத் தமிழ்ப் பரீட்சைச் சொல். ஆர்.கே. புரத்து மலை மந்திருக்குப் போகும்போது சூரியன் எந்தப் பக்கம், யமுனை எந்தப் பக்கம், நம் வீடு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். தமிழ் சொல்லிக் கொடுக்க இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

மூன்றாவது கொஞ்சம் கனமானது. நம்மில் பலர் வயதான பெற்றோரைத் தில்லிக்குக் கூட்டி வந்திருக்கிறோம். அல்சைமர் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் வழி தடுமாறுவதும் ஒன்று. அப்பா "எனக்கு ஒண்ணுமில்லை, எல்லா வழியும் தெரியும்" என்பார். அம்மா "எனக்கு எப்பவுமே திசை தெரியாதுப்பா" என்பார். இரண்டும் சுய அறிக்கைதான், இரண்டுமே ஏமாற்றலாம். புது ஊரின் புது செக்டரில் முழிப்பது நோய் இல்லை. ஆனால் தினமும் பால் வாங்கப் போகும் மதர் டெய்ரியிலிருந்து திரும்பும் வழியில் தடுமாறினால், அவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று கூடவே இருக்கும் நாம்தான் டாக்டரிடம் சொல்ல முடியும்.

சொன்னதையும் கேட்கணும், செய்வதையும் பார்க்கணும். வங்கியில் கடனுக்கு நாங்கள் செய்வது இதுதான். வீட்டு மனிதர்களுக்கு அந்த அளவு கூடவா செய்யக் கூடாது?

சரி, நேரமாகிவிட்டது, நாளைக்கு மாத முடிவுக் கணக்கு. போவதற்கு முன் ஒரு சின்ன வேலை: இதைப் படிக்கும் இடத்திலிருந்து எழுந்திருக்காமல், உங்கள் சொந்த ஊர் இருக்கும் திசையைக் கையால் காட்டுங்கள். பிறகு கைபேசியில் சரி பாருங்கள். வீட்டில் எல்லோரையும் காட்டச் சொல்லுங்கள். யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள். பாட்டிகள் கலந்துகொண்டால் இளைஞர்கள் ஜாக்கிரதை :-)